விகடகவியும் கட்டளை வரியும்



பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் 1972இல் கால்கொண்டது முதல் மின்னணுத் தொழில் இத்தீவின் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டது. நம் மாணவருள் பலர் அத்துறையை நோக்கியே படிக்கின்றனர். அவர்கள் நாள்தோறும் எடுத்தாளும் நிரல் துணுக்குகளைப் பற்றியும் கட்டளை வரிகளைப் பற்றியும் பேச மொழியியலாளனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அத்துணுக்குகள் ஒவ்வொன்றும் எழுத்து என்பது யாது என்னும் வினாவிற்கு ஒரு விடையை உள்ளடக்கியே இயங்குகின்றன. அவ்விடை நம் இலக்கணம் தந்த விடையன்று.

'விகடகவி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத சொல் இது என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். பைத்தான் மொழியில் ஒரு சரத்தைத் திருப்புதற்கு வழக்கமாகக் கையாளும் துணுக்கு மிகச் சிறியது: சதுர அடைப்பினுள் இரண்டு முக்காற்புள்ளிகளும் கழித்தற்குறியோடு கூடிய 1உம். விகடகவியை அதனிடம் கொடுங்கள். திரும்பி வருவது விகடகவி அன்று. வகரத்தைப் பற்றிக்கொள்ளாத இகரக் குறி ஒன்று தலைமாட்டில் தொங்கும் சிதைந்த கோவை. நாம் 5 எழுத்து என்று எண்ணுவதை ஒருங்குறி 7 குறியீடுகளாகச் சேமிக்கின்றது. வகரம் ஒன்று, இகரக் குறி மற்றொன்று. துணுக்கு திருப்பியது குறியீடுகளை. நாம் கேட்டதோ எழுத்துகளை. அவ்வாறே 'தமிழ்' என்பதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணினால் 15. நன்னூல் கற்ற மாணவர் 3 என்பார். மூன்று விடையும் தத்தம் அளவில் சரியே. எதை எண்ணுகிறோம் என்பதைத் துணுக்கு நமக்குச் சொல்வதில்லை என்பதே இடர்.

இவ்விடர் விளையாட்டோடு நிற்பதில்லை. 1986இல் ஜான் பென்ட்லி என்பவர், ஒரு கோப்பில் மிகுதியாகப் பயின்றுவரும் சொற்களைக் கண்டறியும் நிரலை எழுதித் தருமாறு டொனால்டு குனுத்தை வேண்டினார். குனுத் எழுதியது பக்கக்கணக்கில் நீண்டது. அதனைத் திறனாய்வு செய்த டக் மெக்கில்ராய், ஆறே கட்டளைகளைக் குழாய்போல் ஒன்றோடொன்று இணைத்து அதே பணியை முடித்துக் காட்டினார். எழுத்தல்லாதவற்றை நீக்கி வரிக்கொரு சொல்லாக்குதல், பெரிய எழுத்தைச் சிறியதாக்குதல், வரிசைப்படுத்துதல், ஒத்தவற்றை எண்ணுதல், எண்ணிக்கைப்படி மீண்டும் அடுக்குதல், முதற்சிலவற்றை மட்டும் காட்டுதல் என்பனவே அவ்வாறு. அவருடைய கட்டளைக்கோவை இன்றும் கணினி மாணவருக்குப் பாடமாக விளங்குகின்றது, அழகானதும்கூட. தமிழுக்கு அதன் இரண்டாம் கட்டளை வேண்டுவதேயில்லை, நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. முதற் கட்டளையோ நமக்கு அறவே பயன்படாது. ஆங்கில அகரவரிசையின் 26 எழுத்தே எழுத்து என்று அது கொள்கின்றது.

சரி, பைத்தானில் 'சொல்லெழுத்து' என்று பொருள்படும் சுருக்கக் குறி, பின்சாய்கோட்டை அடுத்து வரும் சிறிய டபிள்யூ, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாயிற்றே என்பீர்கள். அதனோடு வரும் இயல்பான செறிகோவை நிரலகம் நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என இரண்டாக முறிகின்றது. 'படித்தான்' என்பது 'பட', 'த', 'த', 'ன' ஆகின்றது. பிழைச்செய்தி எதுவும் வாராது. பட்டியல் ஒழுங்காகவே வரும். 'தம', 'பட' இரண்டும் நம் மொழியில் வழங்கும் வடிவங்களாதலின் படிப்போர் கண்ணுக்கும் உறுத்தா. படி, படு, பட என்னும் மூன்றும் ஒரே வரிசையில் சேர்ந்து எண்ணப்பட்டிருக்கும். வினைச்சொற்களின் பயில்வை ஆராயும் மாணவர் ஒருவர் அப்பட்டியலை நம்பி ஓர் இயலையே எழுதிவிடக்கூடும். தமிழில் உயிரொலி தாங்கும் பொருள் முழுவதும் அங்கே உதிர்ந்துபோயிருக்கும்.

மாற்று வழி எளிது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடம், பதினாறடி எண்முறையில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, 128 இடங்கள். சொல்லெழுத்துக் குறிக்குப் பதிலாக இவ்வெல்லையைச் சதுர அடைப்பினுள் இட்டால் சொல் முறியாது. கட்டளை வரியில் தனி எழுத்துகளைப் பிரிக்க, 'கிரெப்' கட்டளையுடன் சிறிய ஓ, பெரிய பி என்னும் விருப்பக்குறிகளைச் சேர்த்து, பின்சாய்கோட்டை அடுத்துப் பெரிய எக்ஸ் இடுக. மெய்யும் அதன் உயிர்க்குறியும் ஓரலகாக வரிக்கொன்றாய் வந்து விழும். அவ்வலகுகளைத் திருப்பினால் விகடகவி விகடகவியாகவே வரும்.

வரிசைப்படுத்தலிலும் கருத்து வேண்டும். 1988இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த குறியேற்ற வரிசையை ஒருங்குறி தழுவியமையால், நகரத்தை அடுத்து னகரமும் வகரத்திற்கு முன் ழகர ளகரங்களும் அமைந்தன. குறியீட்டெண்ணை மட்டும் நோக்கி அடுக்கினால் 'மனம்' முந்தி 'மரம்' பிந்தும். 'பழம்' முந்திப் 'பவளம்' பிந்தும். அகராதி பழகியவர் இதனை உடனே கண்டுகொள்வர்.

தேடலில் மற்றொரு சிக்கல். 'கொ' என்பதனைக் ககரமும் ஒற்றை ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. தேடினால் ஒன்று மற்றொன்றைக் காணாது. தேடுமுன் கோப்பை 'என்எஃப்சி' வடிவிற்கு இயல்பாக்கிக்கொண்டால் இது தீரும். ஆனால் 'கௌரி' என்பதை எகரக் குறியும் ளகரமும் இட்டுக் 'கெளரி' என்று தட்டச்சிட்டிருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. கணினியைப் பொறுத்தவரை அது முறையான வேறொரு சொல். அங்கே ஆசிரியரின் கண்ணே வேண்டும்.

இன்னும் முடியாதது ஒன்று உண்டு. மேலே கூறிய பெரிய எக்ஸ் முறை 'க்ஷ' என்பதை இரண்டாகப் பிரிக்கின்றது, 'ஸ்ரீ'யையும் அவ்வாறே. நம் பள்ளி எழுத்து அட்டைகளோ கிரந்த வரிசையில் அவற்றை ஒவ்வோர் எழுத்தாகவே காட்டுகின்றன. எண்ணிக்கையில் அவை ஒன்றா, இரண்டா? மாணவர் தம் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே எதனைக் கொண்டனர் என்று எழுதிவிட வேண்டும். ஆசிரியர்களாகிய உங்கள் கருத்து யாதென அறிய விழைகிறேன்; கேள்வி நேரத்தில் இதிலிருந்தே தொடங்கலாம்.