கடலுக்கு நடுவே தாய்வீடு

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது தமிழகத்தின் நெடுநாளைய வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பிட்டுப் பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைத்துச் செல்வார்கள். பேறு கண்டு, குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபின் புக்ககத்திற்கு அனுப்பி வைப்பார்கள். இவ்வழக்கம் வேரூன்றிய காலத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே நடந்தன. விடியற்காலையில் வண்டி பூட்டினால் வெயில் ஏறுமுன் பிறந்தகம் சேர்ந்துவிடலாம். அந்தத் தொலைவுக்கு அமைந்த வழக்கம், இன்று தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் அந்தமானிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு எவ்வாறு பொருந்தும் என்பதைப் பற்றி நேயர்களோடு சிறிது பேச விரும்புகிறோம். எங்கள் வீட்டில் சென்ற தை மாதம் இக்கேள்வி வாயிற்படியிலேயே வந்து நின்றது.

நாங்கள் வாழ்வது ஜங்லிகாட். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற நகரின் ஒரு பகுதி அது. மீன்பிடித் துறை ஒரு பக்கம், விமான நிலையம் எட்டிப்பிடிக்கும் தொலைவில் ஒரு பக்கம். தமிழரும் தெலுங்கரும் வங்காளிகளும் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள். எல்லோருக்கும் பொதுமொழி இந்தி. மைய அரசில் மொழிபெயர்ப்பாளராயிருக்கும் நாம் மாற்றலாகி இங்கு வந்தபோது, இங்கேயே குடியேறியிருந்த எம் அக்காள் வீட்டில் இடம் கிடைத்தது. அக்காளின் மகள் இத்தீவிலேயே பிறந்து, இங்கேயே படித்து, கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டாள்.

இதில் ஒரு தலைகீழ் நிலை இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். பிறமாநிலத் தமிழர் வீடுகளில் பெண் இங்கிருப்பாள், தாய்வீடு தமிழ்நாட்டில் இருக்கும். எங்கள் வீட்டிலோ பெண் தமிழ்நாட்டில். தாய்வீடு வங்கக் கடலுக்கு நடுவே. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கப்பலேறினால் 60 மணி நேரம் அளவு ஆகும். விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்றுக் கூடுதல்.

அவள் கருவுற்று 27 வாரம் நிறைந்திருந்த வேளையில், மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் உடன்வரப் பத்து நாள் விடுமுறைக்கு ஊர் வந்தாள். சிறைச்சாலையைப் பார்த்தார்கள், ராஸ் தீவுக்கும் படகில் சென்றுவந்தார்கள். அத்தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது. பத்தாம் நாளன்று, அதாவது புறப்படுவதற்கு முந்தைய நாள், ஏழாம் மாத வளைகாப்பு வைத்துக்கொள்வதென்று ஏற்பாடு.

அந்த வளைகாப்பைப் பற்றிச் சற்றுச் சொல்லத்தான் வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு யாவும் எம் அக்காள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து ஆக்கியவை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார், தங்கள் சீமந்தச் சடங்கில் செய்வதுபோல் மஞ்சள் குங்குமத்தோடு வந்தார். எதிர்வீட்டு வங்காளப் பாட்டி பாயசக் கிண்ணத்தோடு வந்தார். கருவுற்ற பெண்ணுக்கு ஆசைப்பட்டதை ஊட்டும் 'சாத்' என்னும் சடங்கு அவர்களுக்கு உண்டு. அதைத் தாமே நடத்தியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஊட்டியும் விட்டார். நான்கு மொழிக்காரப் பெண்கள் இரு கைகளிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். இப்படியொரு வளைகாப்பைச் சொந்த ஊரில் நடத்தியிருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றிற்று.

பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வைத்ததும் பேச்சு எழுந்தது. "வளைகாப்பு ஆயிற்று, பெண் பிறந்தகத்தில் இருக்கிறாள். இனி எதற்கு அவளைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும்? பேறு முடியட்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்றார் அக்காள்.

அவர் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த மகளைப் பெற்றபோது அவர் தனியாகப் பெற்றார். தந்தி கொடுத்து, எங்கள் தாயார் சென்னைக்கு வந்து, கப்பலுக்குக் காத்திருந்து, மழைக்காலக் கடலில் மூன்று நாள் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது குழந்தைக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அப்பத்து நாட்களும் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவர் இதே வங்காளப் பாட்டிதான். தம் மகளுக்கு அந்நிலை வரக்கூடாதென்று இருபத்தேழு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த சொல்லை அக்காள் அன்று வெளியிட்டார்.

மறுபக்கத்து நியாயமும் எளியதன்று. பெண்ணின் இரத்தம் ஓ நெகட்டிவ். நம் நாட்டில் நூற்றுக்கு ஐவர் அளவுக்கே ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம் உண்டு. தாய் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், குழந்தையின் இரத்தம் தாயின் உடலில் கலக்கும்போது அதற்கு எதிரான பொருள்கள் தாயுடலில் உண்டாகக்கூடும். அவை பெரும்பாலும் தலைப்பிள்ளையை விட்டுவிட்டு, அடுத்த பிள்ளையைத் தாக்கும். அதைத் தடுக்க ஆன்டி-டி என்னும் ஊசி இருக்கிறது. 28-ஆம் வாரத்தை ஒட்டி ஒரு முறையும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்திற்குள் மறுமுறையும் போடுவார்கள். முதல் ஊசிக்குரிய நாள் அடுத்த வாரமே வந்தது; கோயம்புத்தூரில் தொடக்கத்திலிருந்து பார்த்துவரும் மருத்துவர் நாள் குறித்திருந்தார்.

ஊசி இங்கும் போடலாம். இங்குள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில்தான் அக்காளின் மகளே பிறந்தாள். சிறு தீவுகளிலிருந்து கருவுற்ற பெண்களைக் கப்பலிலும், அவசரமானால் ஹெலிகாப்டரிலும் அங்குதான் கொண்டுவருகிறார்கள். ஆயினும் பேற்றின்போது இரத்தம் மிகுதியாகப் போய்விட்டால், அரிய வகை இரத்தத்திற்குக் கோவையில் பக்கத்து நகரங்களைக் கேட்கலாம். சாலை வழியே சில மணி நேரத்தில் வந்துவிடும். தீவில் உள்ளவர்களை விட்டால் அடுத்த கொடையாளி கடலுக்கு அப்பால்தான். மாப்பிள்ளை இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அக்காள் பதில் சொல்லவில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மாலையில் கார்பின் கடற்கரைக்குச் சென்றோம். இங்கே தை மாதத்தில் ஐந்தேகால் மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இந்திய நேரம் கணக்கிடும் தீர்க்கரேகைக்குக் கிழக்கே பத்துப் பாகை தள்ளியிருப்பதால் எங்கள் கதிரவன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறான். போகும் வழியில் கடலைப் பார்த்தபடி ஜப்பானியர் கட்டிய பதுங்கறைகள் இன்னும் நிற்கின்றன. 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை இத்தீவுகள் ஜப்பானியப் படையின் கையில் இருந்தன. இங்குள்ள முதியோர் குடும்பங்களில் அந்த ஆண்டுகளின் பட்டினியையும் சித்திரவதையையும் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

அந்தப் பதுங்கறையின் நிழலில் உட்கார்ந்துதான், அதே ஜப்பானில் நமது வழக்கத்திற்கு ஒப்பான வழக்கம் ஒன்று உண்டு என்பதைச் சொன்னோம். கருவுற்ற பெண் பேற்றுக்காகத் தாய்வீடு செல்வதை அவர்கள் 'சடோகயேரி ஷுஸ்ஸான்' என்கிறார்கள். ஊர் திரும்பிப் பெறும் பேறு என்பது பொருள். நம்மைத் தமிழாக்கச் சொன்னால் 'தாயூர்ப் பேறு' என்போம். டோக்கியோவில் வேலை பார்க்கும் பெண் வடகோடியிலுள்ள ஹொக்கைடோவுக்குக்கூட இதற்காகச் செல்கிறாள். அவ்வாறு செல்பவர்கள் 32 முதல் 34 வாரத்திற்குள் ஊர் சேர்ந்து, பேறு பார்க்கும் மருத்துவமனையில் பதிந்துகொள்ள வேண்டும் என்று அங்கே அறிவுறுத்துகிறார்கள். கையில் ஒரு குறிப்பேடும் இருக்கும். கருவுற்ற பெண்களுக்கென அவர்கள் குறிப்பேடு கொடுக்கத் தொடங்கியது, இங்கே படை இறக்கிய அதே 1942-இல்; 1948-இல் அது தாய் சேய் குறிப்பேடாக விரிந்தது. எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும் முந்திய மருத்துவர் கண்டவை யாவும் அதில் இருக்கும். 2020-இல் கொள்ளை நோய் பரவியபோது தாயூர்ப் பயணத்தைத் தவிர்க்குமாறு அந்நாட்டு மகப்பேற்று மருத்துவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பல பெண்கள் தாயில்லாமலே பெற்றார்கள்.

இதைக் கேட்டிருந்த பெண், "அம்மா, வீடு இங்கேயே இருக்கட்டும். நீ அங்கே வா" என்றாள்.

அக்காளுக்கு அது ஒப்பவில்லை. சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு மகளுக்குப் பேறு பார்ப்பதா, ஊர் என்ன சொல்லும் என்று முணுமுணுத்தார். அதுவரை வாய் திறவாதிருந்த சம்பந்தியம்மாள் அப்போதுதான் பேசினார்: "எந்த ஊர் சொல்லும்? இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை, அங்கே நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. அடுக்களையை இரண்டு மாதம் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். பத்தியக் குழம்பு உங்கள் பக்குவத்தில்தான் அவளுக்கு இறங்கும்." அக்காள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு முடிவும் ஆயிற்று. சம்பந்திகள் இவ்வாறு அமைவது பூர்வ புண்ணியந்தான்.

இரவில் மூட்டை கட்டும்போது மாப்பிள்ளையின் பையில் கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகள் இரண்டு இருந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தை எடுத்துச் செல்லக்கூடாது. அவற்றை அத்தான் வாங்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டுவந்தார். இங்கு விடுமுறைக்கு வருவோர் இதை மறவாதிருப்பது நலம்.

பயணத்தைப் பற்றியும் சில செய்திகள். சிக்கலில்லாத ஒற்றைக் கருவாயின் 36-ஆம் வாரம் வரை பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்கின்றன. ஆனால் 28-ஆம் வாரத்திற்கோ 32-ஆம் வாரத்திற்கோ பின் மருத்துவர் சான்று கேட்பார்கள். நிறுவனத்திற்கு நிறுவனம் விதி மாறுவதால் சீட்டு வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். இருக்கைப் பட்டையை வயிற்றின் மேலன்றி, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிக் கட்ட வேண்டும். கால் நரம்புகளில் இரத்தம் உறையாதிருக்க இடையிடையே எழுந்து நடப்பதும் தண்ணீர் பருகுவதும் தேவை. மருத்துவக் குறிப்புகள் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். மைய அரசில் பணிபுரியும் ஆண்களுக்கு மனைவியின் பேற்றை ஒட்டி 15 நாள் விடுப்பு உண்டு; பெண்களுக்கு 180 நாள். குழந்தை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பிறப்பைப் பதிய வேண்டும், அதுவும் 21 நாட்களுக்குள். பிற ஊரில் பெறச் செல்பவர்கள் கருப்பதிவையும் புதிய ஊருக்கு முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றுக்கே கருப்பதிவு எண்ணைக் கேட்கிறார்கள்.

எம் அக்காள் மகளின் 34-ஆம் வாரத்தில் விமானமேறினார். அவர் கொண்டுபோன பெட்டியில் துணி குறைவு. பூண்டும் சுக்கும் பெருங்காயமும், வீட்டுத் தேங்காயில் காய்ச்சிய எண்ணெயுமே மிகுதி. கோவையிலும் இவை கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. பெண் குழந்தை, சுகப்பேறு. இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. குழந்தை பாசிட்டிவ் ஆதலால் இரண்டாம் ஊசியை மறுநாளே போட்டுவிட்டார்கள். பிறந்த இடம் கோயம்புத்தூர் என்று சான்றில் ஏறிவிட்டதில் அக்காளுக்குச் சிறு மனக்குறை உண்டு. மூன்றாம் மாதம் எல்லோரும் இங்கு வருகிறார்கள். கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்ட அத்தான் கொக்கி அடித்துவிட்டார். வங்காளப் பாட்டி இரண்டு முறை வந்து அதை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.