பூனை கடித்தால் பொறுத்திருக்காதீர்கள்

(கிராமத் தம்பதியருக்காக ஒரு சுகாதாரக் கல்வியாளரின் உரை)

   

குடும்ப நலக் கூட்டம் என்றதும் பேறுகாலம், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி, இவற்றைத்தான் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நான் பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும் விறகுக் குவியலிலும் வேலை செய்கிற பெண்களையும், குட்டியைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்குகிற குழந்தைகளையும்தான் பூனை அதிகமாகக் கடிக்கிறது. ஆகவே இதுவும் குடும்ப நலம்தான்.

நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். பூனை கடித்தால் மட்டும், "பூனைதானே, என்ன பண்ணிடப் போவுது?" என்று சொல்லி, கொஞ்சம் மஞ்சளை அப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்த எண்ணம் மாற வேண்டும். அதற்காகவே இந்தப் பேச்சு.

பூனை ஏன் பாய்கிறது?

நம் தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் மூன்று வகைப் பூனைகளைப் பார்க்கிறோம். முதலாவது, வீட்டில் சோறு வைத்து வளர்க்கிற பூனை. இரண்டாவது, யாருக்கும் சொந்தமில்லாமல் கூரைக்குக் கூரை தாவித் திரிகிற பூனை. பிறந்ததிலிருந்து மனிதர் கைபடாமல் வளர்ந்ததால் அது காட்டுக் குணத்தோடு இருக்கும். மூன்றாவது, உண்மையான காட்டுப்பூனை. கால் நீண்டு, வால் குட்டையாக, கரும்புக் கொல்லையிலும் புதரிலும் இருக்கும். காட்டுப்பூனை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுகிற பிராணி. அதைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. அதன் குட்டிகளை வீட்டுப் பூனைக்குட்டி என்று எண்ணித் தூக்கி வந்துவிடவும் கூடாது.

நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அது வேண்டுமென்று மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை. குட்டி போட்டிருக்கும் தாய்ப்பூனையின் பக்கத்தில் போனால் பாயும். மூலையில் மடக்கி, ஓட வழியில்லாமல் செய்தால் பாயும். இரண்டு கடுவன் பூனைகள் சண்டை போடும்போது நடுவில் கையை விட்டால் கடிக்கும். பாயும் முன்பு அது எச்சரிக்கையும் கொடுக்கிறது. காதைப் பின்னுக்கு மடிக்கும், வால் மயிரைச் சிலிர்க்கும், முதுகை வளைக்கும், புஸ்ஸென்று சீறும். இதைக் கண்டால் கம்பை ஓங்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டு நீங்கள் இரண்டடி பின்னால் நகருங்கள். வழி கிடைத்தால் அது போய்விடும்.

இன்னொரு வகைப் பாய்ச்சலும் உண்டு. எந்தக் காரணமும் இல்லாமல், இருட்டு மூலையில் பதுங்கியிருந்து வெறியோடு தாக்கும். வாயில் எச்சில் ஒழுகும், குரல் மாறியிருக்கும், நடை தள்ளாடும். இது வெறிநோய் கண்ட பூனையாக இருக்கலாம். அதன் அருகே யாரும் போகக்கூடாது. குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, கால்நடை மருத்துவருக்கும் ஊராட்சிக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.

சிறிய காயம், பெரிய ஆபத்து

பூனையின் பல் ஊசி போன்றது. நாய் கடித்தால் சதை கிழியும், பார்த்தாலே பயம் வரும். பூனை கடித்தால் மேலே இரண்டு புள்ளிதான் தெரியும். ஆனால் அதன் வாயில் உள்ள கிருமிகள் சதைக்குள் ஆழமாக இறங்கிவிடும். மேல்தோல் மூடிக்கொண்டு, உள்ளே சீழ் பிடிக்கும். காலையில் கடித்த கை மறுநாள் காலைக்குள் வீங்கிச் சிவந்துவிடுவது உண்டு. விரல் மூட்டில் பட்டால் விரலே மடங்காமல் போகக்கூடும். களை வெட்டிப் பிழைப்பவர்களுக்குக் கை போனால் பிழைப்பே போச்சு.

அதைவிடப் பெரிய ஆபத்து வெறிநோய். இதை ரேபிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் இது நாய் மூலமாகவே மனிதருக்கு வருகிறது. ஆனால் வெறிநாய் கடித்த பூனைக்கும் வெறி பிடிக்கும். அந்தப் பூனை கடித்தால் மனிதருக்கும் வரும். நோயுள்ள பிராணியின் எச்சிலில் இருக்கும் கிருமி, காயத்தின் வழியே நரம்பில் ஏறி மூளைக்குப் போகிறது. சாதாரணமாக இரண்டு, மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வரலாம். காயம் ஆறி, கடித்ததையே மறந்துபோன பிறகு நோய் தலைகாட்டும். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும், காற்றுப் பட்டால் உடல் நடுங்கும். அந்த நிலை வந்துவிட்டால் காப்பாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. கடியை நாம் மறந்துவிட்டாலும் கிருமி நம்மை மறக்காது. ஆனால் வருமுன் தடுக்க உறுதியான வழி இருக்கிறது.

பழைய ஊசி வேறு, இன்றைய ஊசி வேறு

1885-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைப் போட்டுக் காப்பாற்றினார். அவர் பெயரால் நம் நீலகிரியில், குன்னூரில், 1907-ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. முன்னாளில் நாய் கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. வலியும் அதிகம், பக்க விளைவும் உண்டு. அந்த மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பயத்தை இன்னும் மனதில் வைத்துக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருக்க வேண்டாம். இன்று போடுவது புஜத்துத் தோலில் போடும் சிறிய ஊசி. அரசு மருத்துவமனைகளில் பணம் கிடையாது.

கடித்தவுடன் என்ன செய்வது?

முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு ஆஸ்பத்திரி. இந்த வரிசையை மறக்காதீர்கள்.

குழாயடியிலோ, சொம்பால் மேலிருந்து ஊற்றியோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கால் மணி நேரம் கழுவுங்கள். குளிக்கிற சோப்பானாலும் சரி, துணி துவைக்கிற சோப்பானாலும் சரி. கால் மணி நேரம் என்றால் பெயருக்கு நனைப்பதல்ல. உலையில் போட்ட அரிசி வேகும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கழுவுவதிலேயே பெருமளவு கிருமி போய்விடும்.

மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள், மஞ்சள், பச்சிலை, எதையும் காயத்தில் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிப்பதும் தாயத்தும் வெறிநோயைத் தடுக்காது. மனத் தைரியத்துக்கு என்று அங்கே போய்விட்டு நாளைக் கடத்தினால், அந்த நாள் திரும்பி வராது.

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பல் பட்டதோ, நகம் கீறியதோ, இரத்தம் வந்ததோ இல்லையோ, நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லுங்கள். இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி தேவை. இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டியிருக்கும். அது அங்கே இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். சீழ் பிடிக்காமலிருக்க மாத்திரையும், தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசியும் டாக்டர் தருவார்.

தோலில் போடும் தடுப்பூசிக்கு நான்கு தவணை. முதல் நாள், பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். முதல் ஊசி மாதம் 1-ஆம் தேதி போட்டால், அடுத்தவை 4, 8, 29-ஆம் தேதிகளில் வரும். சீட்டை அரிசிப் பானையில் போட்டு மறந்துவிடாமல், நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து நினைக்க வேண்டியது

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விறகு எடுக்கப் போன மனைவியின் கையைப் பூனை கடித்துவிட்டது. அவர் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சோறு வடிக்கிறார். சாயங்காலம் கணவர் வந்ததும், "ஏங்க, பூனை லேசா புடுங்கிருச்சு" என்கிறார். "அதுக்கென்ன, மஞ்ச வை" என்று அவரும் சொல்லிவிடுகிறார். மறுநாள் தக்காளி பறிக்கப் போக வேண்டும். கூலியை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவது? அப்படியே போனாலும், இரண்டு ஊசி போட்டதும் காயம் ஆறிவிட்டதென்று நின்றுவிடுகிறார்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஓர் உயிர் ஆபத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் பெண்கள் தங்கள் காயத்தைக் கடைசியாகத்தான் கவனிக்கிறார்கள். ஆகவே ஐயா, உங்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன். மனைவி சொல்லும் வரை காத்திருக்காமல், நீங்களே அழைத்துப் போங்கள். நான்கு நாள் கூலி போனால் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் தாயை எங்கே போய்ச் சம்பாதிப்பது? அம்மா, நீங்களும் "சின்னக் கீறல்தானே" என்று மறைக்காதீர்கள். குழந்தை அடிக்குப் பயந்து கடியை மறைக்கும். "பூனை கடிச்சா சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று இன்றைக்கே அதனிடம் சொல்லி வையுங்கள்.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

*கர்ப்பிணிக்கு இந்த ஊசி போடலாமா?*
தாராளமாகப் போடலாம். பால் கொடுக்கும் தாய்க்கும் போடலாம். கருவுக்கோ குழந்தைக்கோ தீங்கில்லை. போடாமல் இருப்பதுதான் தீங்கு.

*பத்தியம் உண்டா?*
இல்லை. கறி, மீன், முட்டை, கத்தரிக்காய், எல்லாம் வழக்கம்போல் சாப்பிடலாம்.

*கடிபட்டவரிடமிருந்து மற்றவர்க்கு ஒட்டுமா?*
ஊசி போட்டுக்கொண்டு வருபவர் நோயாளி அல்ல. சேர்ந்து உண்ணலாம், குழந்தையைத் தூக்கலாம், கணவன் மனைவியாக வழக்கம்போல் இருக்கலாம்.

*கடித்த பூனை நன்றாகத்தானே இருக்கிறது?*
நல்லது. வீட்டுப் பூனையானால் 10 நாள் கவனியுங்கள். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாளே தொடங்கிவிடுங்கள். பத்து நாளும் பூனை நலமாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வதென்று டாக்டர் முடிவு செய்வார். ஓடிப்போன பூனையானால் எல்லா ஊசியும் போட்டே ஆக வேண்டும். கடித்த பூனையை அடித்துக் கொன்றுவிட்டாலும் அதே கதைதான். கவனித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது.

*வீட்டில் பூனை இருந்தால் கர்ப்பிணிக்கு ஆகாதா?*
பூனையை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். ஆகவே பூனை அசுத்தம் செய்த இடத்தைக் கணவரோ வேறொருவரோ சுத்தம் செய்யட்டும். கர்ப்பிணி மண்ணில் வேலை செய்தபின் சோப்பால் கை கழுவ வேண்டும். கீரையை நன்றாக அலச வேண்டும். கறியை நன்றாக வேகவைத்து உண்ண வேண்டும்.

பூனையை என்ன செய்வது?

கோபத்தில் மீனில் விஷம் தடவி வைக்கிறார்கள் சிலர். அதைக் கோழி தின்னும், நாய் தின்னும், தவழும் குழந்தையும் எடுத்து வாயில் வைக்கும். பிராணிகளை இப்படி வதைத்துக் கொல்வது சட்டப்படியும் குற்றம். மேலும் பூனையே இல்லாத ஊரில் கேழ்வரகு மூட்டையை எலி சும்மா விடுமா?

வராமல் தடுப்பதே சரியான வழி. கோழிக்குஞ்சுகளை இரவில் பஞ்சாரத்தில் மூடி, மேலே கல் வையுங்கள். கறி, மீன் கழிவைக் குழியில் புதையுங்கள். பாலையும் குழம்பையும் மூடி வையுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள், பரணில் நுழையும் சந்தை அடையுங்கள். பரணில் குட்டி இருந்தால் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். பூனை தன் குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். சில வாரம் பொறுத்தால் அதுவே கிளம்பிவிடும். பிறகு சந்தை அடைத்துவிடலாம். விறகு எடுக்கும்போது முதலில் கம்பால் தட்டி ஓசை செய்யுங்கள்.

ஒரு பெட்டைப் பூனை ஏறக்குறைய இரண்டு மாதம் சுமந்து, ஒரே ஈற்றில் நான்கைந்து குட்டி போடும். வருடத்தில் இரண்டு, மூன்று முறையும் ஈனும். நமக்குச் சொல்லும் குடும்பக் கட்டுப்பாடு பூனைக்கும் உண்டு! வளர்ப்புப் பூனைக்குக் கருத்தடை அறுவை செய்வதுபற்றியும், மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் தொடர்வதுபற்றியும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மாட்டைப் பூனையோ நாயோ கடித்தாலும் அவரிடமே சொல்லுங்கள்.

நினைவில் வைக்க ஐந்து

1. பூனைக்கடியும் நாய்க்கடி போன்றதே. கீறலும் கடிதான்.
2. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுக.
3. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க.
4. நான்கு தவணையும் முடிக்கும் வரை ஊசியை நிறுத்தாதீர்.
5. குழந்தை கடியைச் சொன்னால் திட்டாதீர், தூக்கிக்கொண்டு புறப்படுக.

இங்கே கேட்டதை வீட்டுக்குப் போனதும் வராதவர்களுக்கும் சொல்லுங்கள். குறிப்பாக, கொட்டகையில் வேலை செய்யும் வயதான தாய்மார்களுக்குச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.