பீதர் நகரின் உக்காக் குடங்கள்



பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம், நமக்கு வாழ்வளித்த கன்னட நாட்டின் கைத்தொழில் ஒன்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

புகையிலை அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துகீசியர் வழியே நம் நாடு புகுந்தது. 1604ஆம் ஆண்டளவில் பிஜாப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக், மணிகள் இழைத்த புகைக்குழாய் ஒன்றை அக்பர் பேரரசர் திருமுன் வைத்தார். அரண்மனை மருத்துவர் அன்றே தடுத்துரைத்தார்.

புகையை நீரின் வழியே இழுப்பது உக்கா. எளியோர் அதற்குக் கொண்ட கலம் தேங்காய்ச் சிரட்டை. மேலை ஆசியர் வழங்கும் 'நார்கிலே' என்னும் பெயரும் தேங்காயைக் குறிக்கும் 'நாரிகேளம்' என்ற சொல்வழி வந்ததே. செல்வரோ உலோகத்தை நாடினர். பீதர் நகரத்துக் கைவினைஞர் துத்தநாகத்தோடு சிறிது செம்பு சேர்த்துக் குடம் வார்த்தனர். வெள்ளிக் கம்பி பதித்தனர். பீதர்க் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த கரைசலில் தோய்த்தனர். உலோகம் கருத்தது, வெள்ளி மட்டும் ஒளிர்ந்தது. இதுவே பித்ரி வேலைப்பாடு.

புகை தீது என்பதில் ஐயமில்லை. கர்நாடக அரசு 2024இல் உக்காவைத் தடை செய்தது. ஆயின், தீய பழக்கத்தோடு நற்கலையும் மடிய வேண்டுமோ? பீதர் நகரத்தார் மடியவிட்டாரில்லை. உக்காக் குடம் வார்த்த மரபே பூச்சாடியும் பேழையும் வார்க்கிறது. அம்மரபில் வந்த ஷா ரஷீத் அகமது காதிரி 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நாமும் பழக்கத்தை விலக்குவோம், தொழிலைப் பேணுவோம். நம் இல்லத் திருமணங்களுக்குப் பரிசு தேடும்போது பித்ரிச் சிமிழ் ஒன்றையும் நினைவிற் கொள்வோமாக!