நாய்க்குட்டியைப் பழக்கும் முறை



நம் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. விடியுமுன் நாம் மரம் சீவப் புறப்பட்டதும், வீட்டையும் கோழிக் கூட்டையும் காத்து நிற்பது அதுவே. ஆயினும், குட்டியாய் இருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சிய அதே நாயை, ஆண்டு ஒன்று செல்வதற்குள் சங்கிலியில் பிணைத்துவிட்டு, "கடிக்கும், கிட்டே போகாதே" என்று பிள்ளைகளை எச்சரிக்கின்றோம். குற்றம் நாயினுடையதன்று, பழக்க வேண்டிய பருவத்தில் பழக்கத் தவறிய நம்முடையதே ஆகும்.

எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பதை, உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் அது கற்றுக்கொள்கிறது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பதினான்காம் வாரம் வரை அதன் மனம் எதனையும் எளிதில் ஏற்கும். சிறுவர், முதியோர், மோட்டார் சைக்கிள், லாரியின் ஓசை ஆகிய அனைத்தையும் அக்காலத்தில் அது அச்சமின்றிக் கண்டு பழக வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை கையில் தூக்கிச் சென்று காட்டுக. பிற நாய்கள் திரியும் இடத்தில் இறக்கிவிடாதீர். யாரையும் காணாமல் கட்டுண்டே வளர்ந்த குட்டி, பின்னர் அச்சத்தினாலேயே கடிக்கத் தலைப்படும்.

வீட்டினுள் சிறுநீர் கழிக்கிறதே என்று பலர் சினந்து அடிக்கின்றனர். அதன் மூக்கைத் தரையில் தேய்க்கின்றனர். முன்னே நிகழ்ந்த தவற்றையும் பின்னே விழும் அடியையும் குட்டி தொடர்புபடுத்தி அறியாது. அடித்த கையை மட்டுமே அஞ்சக் கற்கும். தூங்கி எழுந்தவுடனும், உண்டவுடனும், விளையாடி ஓய்ந்தவுடனும் குட்டியை வெளியே ஒரே இடத்திற்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே கழித்து முடித்த அக்கணமே பாராட்டி, சிறு தின்பண்டம் ஒன்று கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

விளையாட்டில் கையைக் கடித்தால், உடனே விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். கடித்தால் விளையாட்டு இல்லை என்பதைச் சில நாட்களில் அது உணரும். "வா", "இரு", "வேண்டாம்" என்னும் சொற்களைக் குடும்பத்தார் அனைவரும் ஒரே விதமாக வழங்குதல் வேண்டும். தந்தை ஒன்றும் பிள்ளை வேறொன்றும் கூறினால் குட்டி எதனைக் கற்கும்? நாம் வேலைக்குச் சென்றபின் தனித்திருக்கவும் அது பழக வேண்டும். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் எனச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள்.

அண்டை வீட்டாரையும் நாம் மறத்தலாகாது. இஸ்லாமிய அன்பர் மீது நாயின் எச்சில் பட்டால், அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவுவது அவர்தம் சமய நெறியாகும். ஆதலின், ஆட்கள் மீது தாவாதிருக்கவும், வேலி தாண்டாதிருக்கவும் பழக்குவது நல்லிணக்கத்திற்கும் துணையாகும்.

எல்லாவற்றினும் தலையாயது தடுப்பூசி. 2015-ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் அது பரவியபோது சிறு குழந்தைகளின் உயிரையும் பறித்தது. நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைத்தோர் மிக மிக அரியர். எனினும் முன்கூட்டித் தடுப்பது எளிது. மூன்று மாதம் ஆனதும் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று ஊசி போடுங்கள். அவர் குறிக்கும் நாளில் மீண்டும் போடுங்கள். ஊராட்சி மன்றத்தில் உரிமமும் பெறுங்கள். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்.

தோழர்களே, சில வாரப் பொறுமையே நாம் கொடுக்கும் விலை. அதனால் பெறுவதோ, பல்லாண்டு வீட்டைக் காக்கும் துணையும், அச்சமின்றி விளையாடும் பிள்ளைகளுமாம். இன்று குட்டி வளர்ப்போர் இன்றே தொடங்குவோமாக!