சூட்டைச் சேமிக்கும் கலை
(சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரை)



பணத்தைச் சேமிப்பது பற்றிப் பலரும் உங்களிடம் பேசியிருப்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சூட்டைச் சேமிப்பது பற்றி. நெருப்பு அணைந்த பின்னும் அதன் வெப்பத்தைப் பல மணி நேரம் காத்து வைத்து, வேண்டிய வேளையில் வெந்நீராக எடுத்துக்கொள்ளும் வழி அது.

"இந்த வெப்ப நாட்டில் வெந்நீருக்கு என்ன அவசரம்?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை நம் இல்லங்களிலேயே இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்க்கு வெந்நீர் வேண்டும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட இளஞ்சூட்டு நீர் வேண்டும். மூட்டுவலியால் வருந்தும் முதியவருக்கும், மழையில் நனைந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும் அது வேண்டும். இத்தனைக்கும் அடுப்பு மூட்டுபவர் யார்? பெரும்பாலும் வீட்டுத் தலைவிதான். பொழுது புலருமுன் மரம் வெட்டப் புறப்படவேண்டிய அவர், அதற்கும் முன்னரே எழுந்து அண்டாவை அடுப்பேற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே, சேமித்த சூடு என்பது மிச்சமான விறகு மட்டுமன்று. ஒரு தாயின் மிச்சமான உறக்கமும் ஆகும்.

சூட்டைச் சேமிப்பதில் இயற்கையே நமக்கு முதல் ஆசான். இவ்வட்டாரத்து உலு சிலிம் வெந்நீர் ஊற்றை நீங்கள் அறிவீர்கள். சுங்கை அருகேயுள்ள சுங்கை கிளா ஊற்றும் உங்களுக்குப் புதிதன்று. அந்நீரில் முட்டை அவித்து உண்டவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பார்கள். தீபகற்ப மலேசியாவில் குமுறும் எரிமலை எதுவும் இல்லை. அவ்வாறிருக்க அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கற் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தைத் தாங்கி நிற்கின்றன. மலையில் பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்கிச் சூடேறுகிறது. பின்னர் வேறு வெடிப்புகளின் வழியே மேலெழுந்து வருகிறது. இரவு, பகல், மழை, வெயில் என எதற்கும் அந்த ஊற்று ஆறுவதில்லை. பாறையின் பருமனும் அதன்மேல் போர்த்திய மண்ணுமே அதற்குக் காரணம்.

மனிதன் கட்டிய சான்று ஒன்றும் நம் பேரா மாநிலத்திலேயே உண்டு. கோலா செபெத்தாங்கில் சதுப்புநில மரங்களைக் கரியாக்கும் குவிமாடச் சூளைகளைப் பாருங்கள். மரம் கரியானதும் சூளையின் வாயை அடைத்துவிடுவார்கள். அதன் பிறகும் உள்ளே ஆள் நுழைவதற்குப் பல நாள் காத்திருக்கவேண்டும். தடித்த செங்கற் சுவர் தான் பெற்ற வெப்பத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்விரண்டு சான்றுகளிலிருந்தும் ஒரு விதி புலனாகிறது. சூட்டைச் சேமிக்க மூன்று வேண்டும்: பருமனான பொருள், உயர்ந்த வெப்பம், நல்ல போர்வை.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரே எடையுள்ள நீரையும் கல்லையும் ஒரே அளவு சூடாக்கினால், கல்லைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பத்தை நீர் உட்கொள்ளும். அப்படியானால் நீரே சிறந்தது அல்லவா? ஆம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். கல்லோ, மணலோ, இரும்போ அவ்வாறில்லை. பல நூறு பாகை வரை தாங்கும். ஆகவே 30 பாகையிலிருந்து 500 பாகைக்கு ஏற்றிய ஒரு கிலோ மணல், 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏற்றிய ஒரு கிலோ நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பத்தைச் சுமந்து நிற்கும்.

குளிர் நாடுகள் இந்த உண்மையைப் பயன்படுத்திக் கொண்டுள்ளன. அங்கே வெப்பம் என்பது வசதி அன்று, உயிர்ப் பிரச்சினை. இங்கிலாந்தில் 1978ஆம் ஆண்டு 'எகானமி 7' என்னும் மின்கட்டண முறை வந்தது. அதன்படி இரவில் ஏழு மணி நேரத்திற்கு மின்சாரம் மலிவு. அந்நேரத்தில் வீட்டிலுள்ள ஒரு பெட்டிக்குள் அடுக்கிய கனத்த செங்கற்கள் சூடேற்றப்படும். அவை மறுநாள் முழுவதும் மெல்ல மெல்ல வெப்பத்தை வெளியிட்டு அறையைக் கதகதப்பாக வைத்திருக்கும்.

பின்லாந்து நாட்டினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். கன்கான்பா என்னும் சிற்றூரில் 2022ஆம் ஆண்டு 7 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கலன் ஒன்று செயற்படத் தொடங்கியது. அதனுள் இருப்பது ஏறத்தாழ 100 டன் மணல். காற்றாலையும் வெயிலும் மின்சாரத்தை மிகுதியாகத் தரும் வேளையில், அம்மின்சாரத்தால் மணலை 500, 600 பாகைக்குச் சூடாக்குகிறார்கள். அவ்வூர் வீடுகளுக்குக் குழாய் வழியே செல்லும் வெந்நீருக்கு அந்த மணல் வெப்பம் தருகிறது. 2025ஆம் ஆண்டு போர்னைனென் என்னும் ஊரில் இதனினும் பெரிய கலன் அமைந்தது. அதில் 2,000 டன் மாக்கல் தூள் நிரப்பப்பட்டிருக்கிறது. நம் காலடியில் கிடக்கும் மண்ணும் கல்லும் ஓர் ஊரின் குளிரைப் போக்குகின்றன என்பது வியப்பன்றோ!

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி உண்டு. ராஜஸ்தான் மாநிலத்து ஆபு ரோட்டில் பிரம்ம குமாரிகள் அமைப்பினர் 770 பெரிய குழியாடிகளை நிறுவியுள்ளனர். அவை வெயிலைக் குவித்து வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சூடாக்குகின்றன. கதிரவன் மறைந்த பின்னும் அந்த இரும்பின் வெப்பத்தால் நீராவி எழுகிறது.

இத்தகைய பெருங்கலன்களை நாம் லயத்து வீட்டில் கட்ட இயலாது, கட்டவும் வேண்டா. 500 பாகைச் சூட்டில் கல்லை வீட்டில் வைத்திருப்பது பேராபத்து. ஆற்றுக் கல்லை நெருப்பிலிட்டுச் சூடாக்கி நீரில் போடுவதும் கூடாது. கல்லுக்குள் புகுந்த ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறக்கூடும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மூன்றாவது பாடத்தை; அதாவது, போர்வையை.

புகைக்கூடத்தில் பணிபுரிந்தோருக்கு இது நன்கு விளங்கும். ஷீட்டு உலர்வதற்கு 60 பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும். கதவு இடுக்கில் சூடு கசிந்தால் விறகு கூடுதலாக எரியும். வீட்டு வெந்நீருக்கும் கணக்கு அதுவே. மூடாத அண்டாவிலிருந்து ஆவியாகப் போவது நீங்கள் சுமந்து வந்த விறகு. அல்லது காசு கொடுத்து வாங்கிய எரிவாயு.

ஒரு சிறு கணக்கைச் சொல்கிறோம். 20 லிட்டர் வாளியில் 16 லிட்டர் குழாய்நீரும், 90 பாகைச் சூடுள்ள 4 லிட்டர் நீரும் கலந்தால், ஏறத்தாழ 40 பாகைச் சூட்டில் குளிக்க நீர் கிடைத்துவிடும். ஆகவே ஒருவருக்காக அண்டா முழுவதையும் காய்ச்ச வேண்டியதில்லை. இரவுச் சமையல் முடிந்ததும் எஞ்சிய தணலில் ஒரு பானை நீரைக் கொதிக்க வையுங்கள். சிறிதளவாயின் பிளாஸ்க் எனப்படும் சுடுநீர்க் குடுவையில் ஊற்றி வைக்கலாம். கூடுதலாயின் மரப்பெட்டி ஒன்றில் நான்கு அங்குலக் கனத்திற்கு உலர்ந்த தேங்காய் நாரோ, இலவம் பஞ்சோ, பழைய கம்பளியோ பரப்புங்கள். பானையை நன்றாக மூடி நடுவில் வைத்து, பக்கங்களிலும் மேலும் அதே கனத்திற்குப் போர்த்திப் பெட்டியையும் மூடிவிடுங்கள். விடியும்போது அது கொதிநீராக இராது. ஆயினும் விளாவிக் குளிக்கப் போதிய சூடு நிற்கும். அரைப் பானை நீரைவிட நிறைந்த பானை மெதுவாகவே ஆறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போர்வை ஈரமானால் பயனில்லை. பானையின் அடியில் நெருப்புப் பொறி ஒட்டியிருந்தால் பெட்டியே பற்றிக்கொள்ளும். ஆதலால் துடைத்துப் பார்த்து வையுங்கள். பழைய கூரையிலிருந்து கழற்றிய கல்நார்த் துண்டுகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

வசதியுள்ளோர் கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலன் வைக்கலாம். பகல் வெயிலின் சூட்டை இரவிலும் காத்துத் தருவது அக்கலனைச் சுற்றிய தடித்த உறையே. வாங்கும்போது அந்த உறை எவ்வளவு கனம் என்று கேட்டு வாங்குங்கள். நீர் வெதுவெதுப்பாகப் பல நாள் தேங்கினால் நோய்க்கிருமி வளர இடமுண்டு. எனவே கலனில் 60 பாகைச் சூடு இருப்பது நலம். ஆனால் அதே 60 பாகை நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். எப்போதும் வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகே வெந்நீரைச் சேருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் முழங்கையை நனைத்துச் சூடு பாருங்கள்.

நண்பர்களே! சூடு இல்லாத இடம் நம் தோட்டத்தில் இல்லை. அடுப்பிலும் இருக்கிறது, கூரைமேல் விழும் வெயிலிலும் இருக்கிறது. அதைப் பிடித்து வைக்கும் பழக்கமே குறைவு. அடுத்த பேறுகாலம் உங்கள் வீட்டில் வருமுன் அப்படியொரு பெட்டியைச் செய்து வையுங்கள். ஆண்மக்களே அதைச் செய்து கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம். ஒரு மாலை நேர வேலைதான். ஆனால் அதனால் ஒரு தாய்க்கு நாள்தோறும் அரைமணி நேர உறக்கம் கிடைக்கும்.