பெயரை வாங்குவதா, பலகையை வாங்குவதா?



பால்மரம் சீவிப் பிழைத்த நமக்கு மரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அதே மரம் பலகையாகிக் கடைக்கு வந்துவிட்டால், நாமும் ஏமாந்து போகிறோம். வீட்டுத் தரைக்குப் போடும் அடுக்கு மரப்பலகையைப் பற்றி இன்று பேசுவோம். கடைகளில் இதனை 'எஞ்சினியர்ட் வூட்' என்பார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பலகையை வாங்குவதா, விலை குறைந்ததை வாங்குவதா என்பதே நம் கேள்வி.

நாம் அறிந்த ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர்கள். ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு தாமானில் ஒரு வீடு வாங்கினார்கள். முன்னறைக்கு மரத்தரை போட வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. பலகை வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அல்லவா? மகன் விளம்பரத்தில் பார்த்த ஒரு பெயரைச் சொன்னான். தகப்பனாரோ, "பெயரையாடா தம்பி தரையில விரிக்கப் போறோம்?" என்று கேட்டுவிட்டு மலிவான பலகையையே போட்டார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பலகைகளின் ஓரங்கள் தூக்கிக்கொண்டன. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ரசீதில் 'மரத்தரை' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

மகன் சொன்னதைக் கேட்டிருந்தால் பணம் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. பலகையைப் பெயர்த்தபோது அடியிலிருந்த சிமெண்டு ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தின் மேல் எந்தப் பெயருள்ள பலகையைப் போட்டிருந்தாலும் அது வீங்கித்தான் இருக்கும். ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

முதலில் பலகையின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். மரம் ஈரத்தில் அகலவாக்கில் வீங்கும். நீளவாக்கில் மிகக் குறைவாகவே நீளும். பாயில் கோரையும் நூலும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதைப் போல, மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கு நெடுக்காக அடுக்கி ஒட்டினால் வீக்கம் குறைகிறது. இந்த அடுக்கின் மேல் நல்ல மரத்தை ஒரு படலமாக ஒட்டுகிறார்கள். இதுவே அடுக்கு மரப்பலகை. மரத்தைப் போன்ற படத்தைக் காகிதத்தில் அச்சடித்து, அழுத்திய மரத்தூள் பலகையின் மேல் ஒட்டியது வேறு பொருள். அதற்கு 'லேமினேட்' என்று பெயர். இரண்டையும் 'மரத்தரை' என்றே விற்பவர்கள் உண்டு. ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

கடையில் ஒரு துண்டுப் பலகையைக் கையில் வாங்கி, அதன் வெட்டிய விளிம்பைப் பாருங்கள். மேல் படலம் எவ்வளவு கனம் என்று கேளுங்கள். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், பழசானபின் தேய்த்து மெருகிட்டுப் புதுப்பிக்கலாம். 1 மில்லிமீட்டருக்கும் குறைவென்றால் அதற்கு வழியில்லை. தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அடுத்து, அடியிலுள்ள அடுக்குகளுக்கிடையே இடைவெளியோ பிளவோ இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, பசையைப் பற்றிக் கேளுங்கள். சில பசைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு வெளிவந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இ-1, இ-0 என்று தரம் குறித்திருப்பார்கள். எண் குறையக் குறைய வாயுவும் குறைவு. கைக்குழந்தையும் இளைப்பு நோயாளியும் உள்ள வீட்டில் இதை அவசியம் கேட்க வேண்டும்.

நான்காவது பூச்சி. நம் பால்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் அதை வெட்டிச் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அது வெறும் விறகு. இன்று மேசை நாற்காலிக்கும் பலகைகளுக்கும் அது நல்ல மரம். ஆனால் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் வண்டும் பூஞ்சணமும் விரைவில் பிடித்துக்கொள்ளும். ஆகவே, எந்த மரமானாலும், மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள்.

ஐந்தாவதே மிக முக்கியம்: உங்கள் வீட்டுத் தரை. இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் மூடி, ஒரு பகல் ஓர் இரவு விட்டுவையுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ மரத்தரை வேண்டாம். முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். வெள்ளம் ஏறும் பகுதியிலும் வேண்டாம். பலகை போடுபவர் சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறாரா என்றும் கவனியுங்கள். பலகை விரிய இடம் வேண்டுமல்லவா?

இனிக் கணக்குக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை 120 சதுர அடி. வெட்டுச் சேதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 132. கணக்குக்காக, மலிவான பலகை சதுர அடி 12 வெள்ளி, பெயருள்ளது 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்னது 1,584 வெள்ளி. பின்னது 2,640 வெள்ளி. வேறுபாடு 1,056 வெள்ளி. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கனமான மேல் படலமும், எழுத்து மூலமான உத்தரவாதமும், பின்னாளில் அதே பலகை கிடைக்கும் வசதியும் கிடைத்தால் அது வீண் செலவல்ல. படலம் இரண்டிலும் ஒரே கனம், உத்தரவாதமும் ஒன்றே என்றால் நீங்கள் பெயருக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள். பெரிய நிறுவனங்களும் மெல்லிய படலமுள்ள மலிவுப் பலகையைத் தம் பெயரிலேயே விற்பதுண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உத்தரவாதத் தாளையும் முழுவதும் படியுங்கள். ஈரத்தால் வரும் கேட்டுக்குப் பொறுப்பில்லை என்று அதில் இருக்கக்கூடும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். மரத்தின் பெயர், படலத்தின் கனம், பசையின் தரம் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்தது அது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை, 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் தொடுக்கலாம். மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும். கையில் ரசீது இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வெள்ளிக்கிழமையானால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவது நம் வழக்கம். மரத்தரைக்கு அது ஆகாது. பிழிந்த துணியால் துடைத்தால் போதும். கழுவாமல் மனம் நிறையாது என்றால் சிமெண்டுத் தரையே நல்லது. அதில் ஒரு குறைவும் இல்லை.

அந்தத் தகப்பனார் கேட்டது சரியான கேள்விதான். பெயரை யாரும் தரையில் விரிப்பதில்லை. ஆனால் எதை விரிக்கிறோம் என்பதையும் அவர் கேட்டிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று சேர்த்த பணம் அது. அதைக் கொடுக்குமுன் ஐந்து கேள்விகள் கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.