இரட்டைக் கூலி

(மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நகரத்துப் போக்குவரத்தின் எதிர்காலம் மென்பொருளில் இருக்குன்னு சொல்றாங்க. செல்போனைத் தொட்டால் வண்டி வரும், மூணு பேர் பகிர்ந்து போகலாம், வண்டிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். இந்தக் கடைசிப் பேச்சைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1901இல் மசூர் ரயில் நிலையத்தில் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் மற்ற பிள்ளைகளோடும் இறங்கி நின்றதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கையில் காசு இருந்தது. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரனும் வரவில்லை. கடைசியில் ஒருவன் ஒத்துக்கொண்டான். இரட்டைக் கூலி தரணும், பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கணும், அவன் கூட நடந்து வருவான். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையும் நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் இரண்டு மடங்கு வரை வாங்கலாம் என்கிறது. இரட்டைக் கூலி நமக்குப் புதுசு இல்லை.

நம்ம ஊருக்கு வருவோம். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. கலவரம், சாவு. அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பேரையும் அழித்துவிட்டது. அதே பஸ், அதே டிரைவர், அதே சீட்டு. பேர்தான் தீட்டு.

இப்போ ஆப்புக்கு வாங்க. சியாட்டில், பாஸ்டன் நகரங்களில் ஏறத்தாழ 1,500 பயணங்களை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பாஸ்டனில் கறுப்பர் பெயரோடு உபர் கூப்பிட்டவர்களுக்கு, வெள்ளையர் பெயருக்கு நடந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ரத்து. மென்பொருள் இனம் பார்க்கவில்லை. பார்க்கிற ஆளிடம் பேரைக் கொண்டுபோய்க் கொடுத்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதி போடுறதில்லைன்னு நாம பெருமைப்படுவோம். இங்கே அந்த வேலையை முகவரி செய்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னைக்குள்ளிருந்த குடிசைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய் நட்ட இடங்கள். அப்படி ஒரு இடத்தில்தான் நானும் இருக்கிறேன். ராத்திரி ஆட்டோ கேட்டால் இறங்குமிடத்தைப் பார்த்ததும் ரத்து. முன்னெல்லாம் ‘அங்கல்லாம் வராதுப்பா’ன்னு முகத்துக்கு நேரா சொல்வாங்க. நாமும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். திரையோடு எப்படிச் சண்டை போடுறது? டிரைவரைத் திட்டி முடித்துக்கொள்ளவும் முடியாது. திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்பது அவர் வயிற்றுப்பாடு.

அவர் கதையும் கேளுங்கள். 2022இல் பெங்களூரில் ‘நம்ம யாத்ரி’ கமிஷன் இல்லாமல் வந்தது. 2025 பிப்ரவரியில் உபரும் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டு, டிரைவரிடம் நாள் கட்டணத்துக்கு மாறியது. வண்டி முதலாளிக்கு நாள் வாடகை, இல்லாவிட்டால் ஃபைனான்ஸ்காரருக்குத் தவணை. இப்போ அதன் மேல் ஆப்புக்கும் ஒரு வாடகை. 2020இல் எழுதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம், கம்பெனி தன் வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நலனுக்குத் தரணும் என்கிறது. அது நடைமுறைக்கு வந்ததே 2025 நவம்பரில்தான்.

பகிர்வு என்ற சொல்லுக்கு வருகிறேன். ஓலா ஷேர், உபர் பூல் இரண்டையும் 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் நிறுத்தினார்கள். ஊரடங்கு முடிந்ததும் ஷேர் ஆட்டோ திரும்ப ஓடியது. கை காட்டினால் நிற்கும். பேர் கேட்காது. தொடையோடு தொடை இடிக்க உட்கார்ந்து போகிற இடம் இந்தச் சாதி நாட்டில் வேறு எத்தனை இருக்கு? ஆனால் ஒப்பந்த வண்டி பெர்மிட்டை வைத்துக்கொண்டு வழியில் ஆள் ஏற்றி இறக்குவது சட்டப்படி குற்றம். கம்பெனி செய்தால் புதுமை, நம்ம ஆள் செய்தால் கேஸ்.

மாண்ட்கோமரியில் 1955 டிசம்பரிலிருந்து 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தபோது ஏறத்தாழ 300 கார்களைத் தாங்களே முறைவைத்து ஓட்டினார்கள். எங்கே நிற்பது, யார் ஏற்றுவது எல்லாம் அவர்கள் போட்ட திட்டம். 1956 நவம்பரில் நீதிமன்றம் அந்தக் கார்களுக்குத் தடை போட்டது. அங்கேயும் பெர்மிட்தான் பிரச்சினை.

நான் கேட்பது இதுதான். டிரைவர் ஒத்துக்கொள்ளும் வரை பேரும் இறங்குமிடமும் அவர் திரைக்கு வரக்கூடாது. தூரமும் கட்டணமும் வந்தால் போதும், காலி வண்டியோடு திரும்புகிற தூரத்துக்குக் கம்பெனி பணம் தரணும். எந்தப் பகுதிக்கு எத்தனை ரத்து என்ற கணக்கை வெளியே வைக்கணும். குடியமர்த்திய பகுதிகளுக்கு ஷேர் ஆட்டோ பெர்மிட்டை அங்கே குடியிருப்பவர்களுக்கே தரணும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தோழர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெர்மிட் விஷயம் என்னைவிட அவர்களுக்குத் தெரியும். முன்னால் வாங்க தோழர், மைக்கைப் பிடிங்க.